பிள்ளை பெற்றவள் படுக்க ஓர் இடம்

எழுபதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த துணைச் சுகாதார நிலையம் கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே, நெல்வயல் சூழ்ந்த ஒரு கிராமத்தில் இருந்தது. நிலையம் என்றால் ஏதோ பெரிதாகத் தோன்றும். ஓடு போட்ட ஓர் அறை, அதன் பின்னால் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். முன்னால் மேசை, குழந்தை எடை பார்க்கும் தராசு, மருந்து அலமாரி, பரிசோதனைக்கு ஒரு கட்டில். தடுப்புக்குப் பின்னால் என் பாய், ஸ்டவ், இரண்டு தகரப்பெட்டி. எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். பிரசவம் பார்க்கும் நர்ஸ் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மகள் டவுனில் உத்தியோகம் பார்ப்பதாக நைனா ஊரில் சொல்லி வைத்திருந்தார்.

என் பொறுப்பில் நான்கைந்து கிராமங்களும் ஏரிக்கரையை ஒட்டிய மீனவர் குப்பங்களும் இருந்தன. எல்லாம் நடைதான். சேற்றில் நடந்து நடந்து மழைக்காலம் முழுக்க எனக்குக் கால்விரல் இடுக்குகளில் புண் இருக்கும். அந்த வருஷங்களில் நான் பஸ்ஸில் மட்டும்தான் சரியாகத் தூங்கினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐப்பசி முடியப் போகிற சமயம் அது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. கடல் ஏரிக்குள் ஏறியது, ஏரி குப்பங்களுக்குள் ஏறியது. குப்பத்து ஜனங்கள் சிலர் படகிலும் சிலர் இடுப்பளவு தண்ணீரில் நடந்தும் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான்கு வகுப்பறை, ஒரு நீளமான தாழ்வாரம். பெஞ்சுகளை வெளியே மழையில் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள். ஊரில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். எனக்குக் கிணற்றில் குளோரின் போடுவதும், காலரா ஊசி போடுவதும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுக் கட்டுவதுமாக இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில்தான் கர்ப்பிணிகளைக் கேட்டுக் குறிக்க முடிந்தது. மூன்று பேர் தாங்களாகச் சொன்னார்கள். நான்காவது பெண்ணை நானேதான் கண்டேன். அவளை முன்பே தெரியும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் கிராமத்துத் தெருக்களில் விற்க வருகிறவள். குப்பத்துக்கு நான் போகிற நாளெல்லாம் அவள் வியாபாரத்துக்குப் போயிருப்பாள். அதனால் ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட அவள் வயிற்றை நான் தொட்டுப் பார்த்ததில்லை. கடைசி வகுப்பறையின் மூலையில், சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்த புடவை இன்னும் ஈரம் காயவில்லை.

பக்கத்தில் இருந்த அவளுடைய நாத்தனாரிடம் கேட்டேன்.

"நேத்து சாங்காலத்துலேருந்து இப்டியே குந்திகினு கீது நர்ஸம்மா. இன்னாடின்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுது. கஞ்சியும் குடிக்கல" என்றாள் அவள்.

பார்த்தவுடன் தெரிந்தது, வலி எடுத்திருக்கிறது. சத்தம் போடாமல் அடக்கிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் ஆண்கள், அவளுடைய மாமனார் முறை, மைத்துனர் முறை ஆகிறவர்கள். அவர்கள் எதிரில் காலை நீட்டிப் படுக்கக்கூட அவளால் முடியவில்லை. கரும்பலகையை அதன் நிற்கும் சட்டத்தோடு நகர்த்தி மூலைக்குக் குறுக்கே வைத்தோம். மிச்ச இடைவெளியில் இரண்டு பெண்கள் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் அவளைப் படுக்க வைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

கீழே தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வலது பக்கம் விலாவுக்குக் கீழே தலை தட்டுப்பட்டது. இடது பக்கம் பிட்டம். குழந்தை குறுக்கே கிடந்தது. மரக்குழலை வைத்துக் கேட்டேன். துடிப்பு நன்றாக இருந்தது. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. உடைந்து ஒரு கை வெளியே வந்துவிட்டால் என் பெட்டியில் இருக்கும் கத்தரிக்கோலையும் நூலையும் வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. பயிற்சியில் இருந்தபோது அப்படி வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முந்தின மூன்றையும் குப்பத்திலேயே பெற்றதாகவும், அதில் இரண்டு பிழைத்துக் கிடப்பதாகவும், இதுவும் அப்படியே பிறக்கும் என்றும் சொன்னாள். குறுக்கே கிடக்கிற குழந்தை தானாகப் பிறக்காது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் வேறு விதமாகக் கேட்டேன்.

"இங்கயே பெத்துக்கிறியா? இத்தினி பேரு நடுவுல?"

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த சந்து வழியாக ஆண்களின் கால்கள் போவதும் வருவதும் தெரிந்தது. கையை ஊன்றி எழுந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி ஆரணி ஆற்றுக்குத் தெற்கே இருந்தது. ரோடு இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது என்றார்கள். ரயிலும் ஓடவில்லை. ஆனால் ரயில் பாதை மேடான கரையில் போகிறது. அது மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷன்வரை போய்விட்டால் பாதையோடு தூக்கிக்கொண்டாவது போகலாம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வண்டி கொடுத்தவர் ஊரில் நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி. அறுக்க வேண்டிய நெல் முழுதும் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது அவருக்கு. மாடு ஏற்கெனவே நனைந்து நடுங்குகிறது, இதையும் கொன்றுவிட்டு நான் என்ன செய்வேன் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பூட்டினார். வழி முழுக்க அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் ஆழமாக இருந்த இடங்களில் இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்தான் முன்னால் நடந்தார். கணவனுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லை; அவன் படகைக் காப்பாற்றக் குப்பத்துக்கே திரும்பியிருந்தான். பிள்ளைகள் இரண்டையும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, நானும் அவளும் மட்டும் போனோம்.

ஸ்டேஷனில் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர், எங்கே மண் அரித்திருக்கிறது என்று பாதையைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். தண்டவாளத்தின் மேல் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுகிற டிராலி அவருடையது. அதில் வெளியாட்களை ஏற்றினால் தன் வேலை போய்விடும் என்றார். நான் கெஞ்சவில்லை. கெஞ்ச என்னிடம் தெம்பு இல்லை. அவளை வண்டியிலிருந்து இறக்கி, பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு வலி வந்தது. முதல் தடவையாக வாய்விட்டு முனகினாள். டிராலி தள்ளுகிறவர்களில் வயதான ஒருவர், இன்ஸ்பெக்டர் சொல்வதற்கு முன்பே, உட்காரும் பலகையின் மேல் தன் கோணிப்பையை எடுத்து விரித்தார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க. நான் பாலம்வரைக்கும் நடந்து வர்றேன்" என்றார். நடந்தே வந்தார், குடையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால்.

ஆற்றுப் பாலத்தில் டிராலியை மெதுவாகத் தள்ளினார்கள். கீழே செம்மண் தண்ணீர் தூண்களில் மோதிச் சுழன்றுகொண்டு போயிற்று. அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயப்படாதே என்றேன்.

"தண்ணிக்கு இன்னா பயம். இந்த இரும்புதான் எனக்குத் தெரியாது" என்றாள்.

பாலம் தாண்டி அவளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தோம். மாலை விளக்கு வைப்பதற்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. அழுதது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். நான் வராந்தா பெஞ்சிலேயே விடியும்வரை கிடந்துவிட்டு, மறுநாள் காலை ரயில் பாதையின் கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்து திரும்பினேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்திருப்பேன். பத்து நாள் கழித்துத் தையல் பிரித்து அவளை அனுப்பிவிட்டார்கள். கணவன் போய் அழைத்து வந்தான். எங்கே அழைத்து வருவான்? வீடு இருந்த இடத்தில் சேறு. பள்ளிக்கூடத்துக்குத்தான். அதற்குள் தலைமையாசிரியர் இரண்டு வகுப்பறைகளைத் திரும்ப வாங்கிப் பாடம் நடத்த ஆரம்பித்திருந்தார். ஆண்கள் கழி நட்டுக் கொட்டகை போடக் குப்பத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மற்ற இரண்டு அறைகளிலும் தாழ்வாரத்திலும். நான் போனபோது அவள் தாழ்வாரத்தின் கோடியில், ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற ஓரமாக, நனைந்த பாயில் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளைக் கூட்டத்தோடு சேர்த்துப் படுக்கவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வழக்கம் அது, தனியே ஒரு குடிசை இருந்த காலத்து வழக்கம். இப்போது குடிசை இல்லை, வழக்கம் மட்டும் இருந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தின் ஒரு முனை சிவந்து கசிந்துகொண்டிருந்தது.

நிலையத்துக்குக் கூட்டி வந்து பரிசோதனைக் கட்டிலில் படுக்க வைத்தேன். வேறு இடம் எனக்கும் இல்லை. அடுத்த ஐந்து வாரமும் அவளும் குழந்தையும் அங்கேதான். நோயாளிகளை வாசல் நிழலில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

ஒரே அறையில் ஒருத்தியோடு இருந்தால் பிரியம் வளரும் என்பார்கள். எங்களுக்குள் வளர்ந்தது சண்டை. பால் போதவில்லை, குழந்தை ஓயாமல் அழுதது. பால்சுறா மீன் கொண்டு வா, அதைத் தின்றால்தான் பால் ஊறும் என்றாள். வலை போட யாரும் போகாத நாட்களில் குப்பத்துக்காரிக்கே மீன் இல்லை. கும்மிடிப்பூண்டி சந்தையில் தேடிக் கருவாடாகத்தான் கிடைத்தது. எனக்கு அதைச் சமைக்கத் தெரியாது. செய்து கொடுத்ததை வாயில் வைத்துவிட்டு, "இத்தினி புளிய ஊத்துனா எவ துன்னுவா?" என்று தட்டைத் தள்ளினாள். அன்று மாலை வயல் வரப்பில் போய் உட்கார்ந்து அழுதேன். தட்டைத் தள்ளியதற்காக அழவில்லை. அன்று ஒரே நாளில் இரண்டு ஊர் நடந்து ஓய்ந்துபோய் வந்திருந்தேன்.

அவளுடைய கோபம் வேறு எதற்கோ என்று எனக்குப் புரிய நாளாயிற்று. ஆறு மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"கூடைய தூக்காம நான் இன்னாத்த திங்கறது? நீயா வந்து தூக்குவ? வயித்த அறுக்க இட்டுகினு போனது நீதானே?"

குழந்தை உயிரோடு இருக்கிறதே என்று நான் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். ஒரு கையால் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டேதான் அப்படிக் கேட்டாள். நான் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

ஐந்தாவது வாரம் எங்களுக்கு மேலே இருந்த ஹெல்த் விசிட்டர் அம்மா வந்தார். சென்டரை வீடாக்கி வைத்திருக்கிறாயே என்றார். திட்டவில்லை, அவரும் ஓய்ந்துபோய்த்தான் இருந்தார். காலையிலிருந்து நாஷ்டாகூட இல்லாமல் நான்கு இடம் சுற்றியிருந்தார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கச் சொல்லி எல்லாரையும் நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்து வெள்ள முகாமிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை என்று அவருக்கு மேலே கேட்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குத்தான் மூன்று பிள்ளை ஆயிற்றே, இவள் பெயரை எழுது. இங்கே தங்கவைத்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நான் எழுதினேன். அவளைக் கேட்காமல் எழுதினேன். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த அம்மா சீக்கிரம் கிளம்பிப் போனால் போதும், நான் கொஞ்சம் படுக்கலாம் என்றிருந்தது.

இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அவளிடம் சொன்னேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்குத்தான் சோறு போட்டியா?" என்று கேட்டாள். கத்தவில்லை. அதுவரை என்னிடம் கத்தாமல் அவள் ஒன்றும் கேட்டதே இல்லை.

இல்லை என்றேன். நம்பும்படி அந்த "இல்லை" இருக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் காலை கணவன் வந்தான். குப்பத்தில் கழிதான் நட்டிருக்கிறது, கூரை இன்னும் போடவில்லை என்று அவனே சொன்னான். பரவாயில்லை என்று அவள் கிளம்பினாள். குழந்தையை, கூட வந்த நாத்தனார் தூக்கிக்கொண்டாள். பெற்றவள் தன் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, வரப்பின்மேல் மெல்ல நடந்து போனாள். நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாத அறிக்கையில் அவள் பெயரை அடித்துவிட்டு, சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்தது. பதில் எழுதினேன். மறுபடி தாள் வந்தது, மறுபடி எழுதினேன். வருஷம் முழுக்க அந்தப் பேஜாரு தொடர்ந்தது. அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் எழுதியது என் கைதான்.

குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் குழந்தையின் எடையைப் பார்ப்பேன். மறுக்க மாட்டாள். குழந்தையைத் தராசுத் துணியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வாள். எடை ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வா, உட்கார் என்று மட்டும் சொல்ல மாட்டாள். டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு வெகு முன்பே, தைக்குப் பிறகு, அவள் கூடையோடு எங்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். என் வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தாமலும் நிற்காமலும் போனாள்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்பே நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். வெள்ளம் வந்தால் கதவு உள்ள அறை ஒன்றை நிறைமாதப் பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விட வேண்டும் என்றேன். அறை தீட்டாகிவிடும், பிறகு பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்று அவர் இழுத்தார். டெட்டால் ஊற்றி நானே கழுவித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். சரி என்றார். குப்பங்களில் நிறைமாதமாக இருந்தவர்களை முன்கூட்டியே மேட்டு ஊர்களில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகச் சொன்னேன். சிலர் போனார்கள். சொந்தக்காரரே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

கார்த்திகையில் மறுபடி தண்ணீர் வந்தது. முந்தின வருஷம் அளவுக்கு இல்லை. ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான் அந்த அறைக் கதவண்டை நின்றேன். தலைச்சன் பிள்ளையோடு நிறைமாதமாக இருந்த ஒருத்தி, பதினெட்டு வயதுகூட இருக்காது, உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வயிற்றை அறுத்துவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

மீன்காரி இடுப்பில் குழந்தையோடு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் போய், "உள்ள போய்ப் படுடி. கொழந்த எப்டி கீதுன்னு நர்ஸம்மா தொட்டுப் பாக்கும், அவ்ளோதான். பாக்கத் தெரியும் அதுக்கு" என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் தன் பிள்ளைகள் இருந்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து படுத்தாள். குழந்தையின் தலை கீழே, சரியான இடத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்து, முற்பகலில், அந்த அறையிலேயே ஆண் குழந்தை பிறந்தது. நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணை மூடினேன். பக்கத்து வகுப்பறையில் யாரோ கஞ்சிக்கு வரிசையில் நிற்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.